உயில் இருக்கிறது, வீட்டை எப்படி விற்பது? சென்னையில் புரோபேட் முதல் பத்திரப் பதிவு வரை

அப்பா 2021 ஆகஸ்டில் போனார். பெரம்பூரில் அரை கிரவுண்டில் ஒரு பழைய தனி வீடு, பீரோ லாக்கருக்குள் மஞ்சள் பையில் ஒரு உயில். அதுதான் இருக்கிறதே, மூன்று மாதத்தில் விற்றுப் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம் என்று நானும் தங்கையும் நினைத்துக்கொண்டிருந்தோம். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது 2024 அக்டோபரில். முப்பத்தெட்டு மாதம். இதில் கோர்ட்டில் போனது பதினான்கு மாதம்தான். மீதி இரண்டு வருடம் நாங்களாகத் தொலைத்தது. எந்தக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும், யாரை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் தொலைத்தது. அந்த இரண்டு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்களுக்கு ஒரு வக்கீலும் ஒரு ஆடிட்டரும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் குறையும்.

1. உங்களுக்குப் புரோபேட் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

புரோபேட் என்றால் "இந்த உயில் உண்மையானது, இதை நிறைவேற்ற இவருக்கு அதிகாரம் உண்டு" என்று நீதிமன்றம் முத்திரை போட்டுத் தருவது. உயிலில் எக்சிகியூட்டர், அதாவது நிறைவேற்றுபவர், என்று ஒருவர் பெயர் இருந்தால் அவருக்குப் புரோபேட் கிடைக்கும். அப்படி யார் பெயரும் இல்லையென்றால் 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' என்று வேறொன்று வாங்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று சிலர் சொல்வார்கள். விற்கும்போது ஒன்றில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

நாங்கள் மனுப் போட்ட காலத்தில், சென்னைக்குள் இருக்கும் வீட்டுக்கு இந்து ஒருவர் உயில் எழுதியிருந்தால் புரோபேட் இல்லாமல் அந்த உயிலை வைத்து உரிமை கோர முடியாது. வீடு வெளியூரில் இருந்து, உயிலைச் சென்னையில் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் அதே கதைதான். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு அப்படிச் சொன்னது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. அதனால் இப்போது கட்டாயம் இல்லை.

அப்படியானால் இதைப் படிப்பதை நிறுத்திவிடலாமா என்றால், கொஞ்சம் பொறுங்கள். கட்டாயம் போனதே தவிர புரோபேட் போகவில்லை. உங்கள் வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வாங்குவார், அந்த வங்கியின் வக்கீல் லீகல் ஒப்பீனியன் எழுதும்போது "இந்த உயிலை வேறு வாரிசு யாராவது நாளைக்கு எதிர்த்தால்?" என்றுதான் யோசிப்பார். என் கணக்கு இது: எல்லா வாரிசுகளும் கிரயப் பத்திரத்தில் வந்து கையெழுத்துப் போடத் தயார் என்றால் புரோபேட் இல்லாமலே விற்றுவிடப் பாருங்கள். ஒரு வாரிசுக்கு உயிலில் பங்கு இல்லை, அவர் கையெழுத்துப் போடுவாரா என்று தெரியவில்லை, அல்லது உயில் பதிவு செய்யப்படாதது என்றால் புரோபேட் வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் மூன்றும் இருந்தன. உயிலே இல்லையென்றால் இந்தக் கட்டுரையின் 2, 4-ஆம் படிகள் உங்களுக்கு வேண்டாம், வாரிசுச் சான்றை வைத்து எல்லா வாரிசுகளும் சேர்ந்து விற்பதுதான் வழி.

2. உயிலைத் தொடாதீர்கள், சாட்சியைத் தேடுங்கள்

உயில் கிடைத்ததும் லேமினேட் செய்யாதீர்கள். ஸ்டேபிளர் பின்னைக் கழற்றாதீர்கள், ஓரத்தில் எதுவும் குறித்து வைக்காதீர்கள். அசல் கோர்ட்டுக்குப் போகிற காகிதம், பின் கழன்றிருந்தால் பக்கத்தை மாற்றினீர்களா என்று கேட்பார்கள். கலரில் ஸ்கேன் எடுத்துவிட்டு ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

வில்லங்கச் சான்று (வீட்டின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தேன், உயில் அதில் வரவில்லை, அதனால் பதிவு செய்யப்படவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். உயில்களைத் தனிப் புத்தகத்தில் பதிவார்கள், அது வில்லங்கத்தில் வராது. இறப்புச் சான்றோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் நகல் தருவார்கள். இன்னொரு உயில் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள், ஏனென்றால் கடைசியாக எழுதியதுதான் செல்லும். பதிவு செய்யாத உயிலும் செல்லும், பயப்பட வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

அந்த இரண்டு பேரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கு. மனுவிலேயே ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும், பிறகு சாட்சியமும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவின் உயிலில் ஒரு சாட்சி அடுத்த வீட்டுக்காரர், கொரோனாவின் இரண்டாவது அலையில் அவரும் போய்விட்டார். இன்னொருவர் அப்பாவோடு வேலை பார்த்தவர், உயிலில் இருந்த விலாசம் அம்பத்தூர், அங்கே போனால் வீடே இடித்து அடுக்குமாடி ஆகியிருந்தது. தெருமுனை அயர்ன் கடைக்காரர்தான் "பையன்கூட திருச்சிக்குப் போயிட்டாரே" என்று சொல்லி நம்பரும் வாங்கித் தந்தார். திருச்சிக்குப் போனேன். எண்பத்தொரு வயது. உயிலின் நகலைக் கையில் கொடுத்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் கையெழுத்தைப் பார்க்காமல் அப்பாவின் கையெழுத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பாவுக்கு அன்னைக்கு நல்ல ஜலதோஷம்" என்றார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஜலதோஷம். இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது என்று வக்கீல் பின்னால் சொன்னார்.

இரண்டு சாட்சிகளும் இல்லையென்றால் கதவு மூடிவிடாது. அவர்கள் கையெழுத்தையும் உயில் எழுதியவர் கையெழுத்தையும் அடையாளம் தெரிந்தவர்களை வைத்து நிரூபிக்கலாம், ஆனால் வேலை அதிகம். சாட்சிக்கு வயதாகி வர முடியாது என்றால் அவர் இருக்கும் இடத்துக்கே போய் வாக்குமூலம் எடுக்க ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

3. சான்றிதழ்கள்: பெயரும் இனிஷியலும்

முதலில் இறப்புச் சான்று. மாநகராட்சி இணையதளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளலாம். இறக்கியதும் செய்ய வேண்டிய ஒரே வேலை, அதில் உள்ள பெயரை ஆதார், வீட்டுப் பத்திரம், உயில், சொத்துவரி ரசீது நான்கோடும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவது. அப்பாவின் பெயர் பத்திரத்தில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், மருத்துவமனை எழுதிக் கொடுத்த படிவத்தில் இனிஷியலே இல்லை, அதனால் இறப்புச் சான்றிலும் இல்லை. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தோம், அங்கே அது திரும்பி வந்தது, இறப்புச் சான்றைத் திருத்தி மறுபடி விண்ணப்பித்தோம். இரண்டரை மாதம் காலி. திருத்துவதானால் இறப்புச் சான்றில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும்.

வாரிசுச் சான்று தாசில்தார் தருவது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எல்லாம் விசாரித்து மேலே போகும். நீங்கள் கூப்பிடாவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள், வாரம் ஒரு முறை விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைப் பாருங்கள்.

பலர் விடும் தப்பு ஒன்று: இறந்தவரின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு. பாட்டிதானே, எதற்கு என்று விட்டுவிடுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, மகன், மகள் இருக்கும் அதே வரிசையில்தான் அம்மாவும் இருக்கிறார். அதேபோல் முன்பே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால் அவர்களுடைய பிள்ளைகள். இவர்களில் ஒருவரை மறைத்து வாங்கிய சான்று பிறகு உங்கள் கழுத்தையே பிடிக்கும்.

4. மனு

வக்கீலைப் பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: அசல் உயில், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மனை மதிப்பு), எல்லா வாரிசுகளின் ஆதாரும் இப்போதைய விலாசமும், சாட்சியின் ஆதார். வீடு மட்டுமில்லை, அவர் விட்டுப்போன வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, பங்குகள், அவர் வைத்துவிட்டுப் போன கடன் எல்லாவற்றையும் பட்டியல் போட வேண்டும். நீதிமன்றக் கட்டணம் மொத்தச் சொத்தின் மதிப்பை வைத்துத்தான், அதனால் மதிப்பை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீல் கட்டணத்தையும் மொத்தமாகப் பேசாதீர்கள். மனுத் தாக்கல், சாட்சியம், உத்தரவு நகல் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுங்கள். யாராவது எதிர்த்து வந்தால் எவ்வளவு என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் தொகை வேறாக இருக்கும்.

இறந்து மூன்று ஆண்டுக்குள் போட்டுவிடுவது நல்லது, தாண்டினால் ஏன் தாமதம் என்று விளக்க வேண்டிவரும்.

அடுத்தது சம்மதப் பிரமாணப் பத்திரம். உயிலில் பங்கு இல்லாத வாரிசும் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு நேராகப் போகும். எங்கள் அண்ணன் கனடாவில் இருக்கிறார். அவர் அங்கே வீடு வாங்கும்போதே அப்பா தன் சேமிப்பைக் கொடுத்துவிட்டார், அதனால் உயிலில் வீடு எனக்கும் தங்கைக்கும் மட்டும். அண்ணனுக்கும் அது தெரியும், கோபமும் இல்லை. ஆனாலும் அந்தக் காகிதம் அவர் மேசையில் நான்கு மாதம் கிடந்தது. அவர் அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் பங்குக்குப் பறக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்கு, அனுப்பினால் அப்பாவின் வீட்டில் தனக்கு ஒன்றுமில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடுமே என்று அவருக்கு. கடைசியில் தங்கைதான் போன் போட்டு, "அண்ணே, அது கிடக்கட்டும், அப்பாவோட ரேடியோ உனக்கு வேணுமா" என்று ஆரம்பித்துப் பேசி முடித்தாள். உங்கள் வீட்டில் அந்த போனை யார் போடுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புவது எளிது, அங்கே போய்வர அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மனுவுக்குக் கோர்ட் எண் கொடுத்ததும் வாரிசுகளுக்கு நோட்டீஸ், பத்திரிகையில் விளம்பரம். ஆட்சேபணை உள்ளவர் கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற மனு, போடலாம். அப்படிப் போட்டால் மனு வழக்காக மாறி முழு விசாரணை நடக்கும், அப்போது வருடங்களை எண்ண ஆரம்பிக்க வேண்டியதுதான், சமாதானத்துக்கு வழி இருந்தால் அதைப் பாருங்கள். யாரும் வரவில்லையென்றால் நீங்களும் சாட்சியும் சாட்சியப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வீர்கள், உயிலையும் சான்றுகளையும் வழக்கின் ஆவணங்களாக எண்ணிட்டுக் குறிப்பார்கள். திருச்சி ஐயா மகனோடு வந்தார், எங்கள் முறை வந்ததும் பத்து நிமிடம்தான். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், உயர் நீதிமன்ற வளாகத்தில் அவர் நடக்க வேண்டிய தூரத்தை முந்தின நாளே நடந்து பார்த்து வைத்தது.

2022 ஜூலையில் தாக்கல், 2023 செப்டம்பரில் உத்தரவு. உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கிக்கொண்டு திருப்தியாகாதீர்கள். குறைந்தது நான்கு நகல் வாங்குங்கள். வங்கி ஒன்று கேட்கும், பதிவின்போது ஒன்று, வாங்குபவர் ஒன்று, உங்களுக்கு ஒன்று.

5. காத்திருக்கும்போது வீட்டை என்ன செய்வது

சொத்துவரி அரையாண்டுக்கு ஒரு முறை, குடிநீர் வரி, மின்கட்டணம். பாக்கி வைத்தால் விற்கும்போது வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டும், அதுவும் வாங்குபவர் முன்னால். யாராவது ஒருவர் கட்டிவிட்டு ரசீதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், கடைசியில் பங்கு பிரிக்கும்போது அதுதான் கணக்கு.

வாடகைக்கு விடுவதா? நான் விடவேண்டாம் என்பேன். சும்மா கிடக்கிறதே, மாதம் பத்தாயிரமாவது வரட்டும் என்று தோன்றும். விற்கும் நேரத்தில் காலி செய்ய மாட்டேன் என்றால் வாங்குபவர் விலையில் அடித்துவிடுவார். கட்டாயம் விடுவதென்றால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பதினொரு மாதத்தோடு நிறுத்துங்கள்.

செலவு செய்வதில்தான் நான் ஏமாந்தேன். உள்ளே வெளியே பெயின்ட், புதுக் குழாய்கள், சமையலறை மேடைக்கு கிரானைட். இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வாங்கியவர் பதிவு முடிந்த மூன்றாம் வாரம் ஜேசிபியைக் கொண்டு வந்து நிறுத்தினார். சென்னையில் பழைய தனி வீட்டுக்கு விலை மனைக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை. நாற்பது வயதான வீடு என்றால் மொட்டைமாடி ஒழுகாமல் பாருங்கள், செடி முளைத்திருந்தால் பிடுங்குங்கள், கழிவுநீர் அடைப்பை எடுங்கள், குப்பையை அகற்றுங்கள், அதோடு நிறுத்துங்கள். அடுக்குமாடி ஃபிளாட் என்றால் கதை வேறு, அங்கே ஒரு கோட் பெயின்ட் நிச்சயம் காசைத் திருப்பித் தரும். சங்கத்தின் பராமரிப்புப் பாக்கியையும் தீர்த்து நோ டியூ கடிதம் வாங்கி வையுங்கள்.

பொருள்களை உத்தரவு வரும்வரை அள்ளி எறியாதீர்கள், குறிப்பாகக் காகிதங்களை. ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

6. வாங்குபவரின் வங்கி கேட்கும் காகிதங்கள்

புரோபேட் வந்துவிட்டது என்ற தெம்பில் தரகரிடம் சொன்னோம், ஒரே மாதத்தில் ஆள் வந்தார், அட்வான்ஸும் கொடுத்தார். வங்கியின் வக்கீல் தாய்ப்பத்திரத்தின், அதாவது முந்தைய உரிமையாளர்களின் பத்திரத்தின், அசலைக் கேட்டார். அப்பா வாங்கிய பத்திரம் இருந்தது, அதற்கு முந்தைய 1979-ஆம் வருடப் பத்திரம் ஜெராக்ஸ்தான் இருந்தது. அசல் எங்கே? தெரியவில்லை. காலி செய்தபோது பழைய பேப்பர்காரரிடம் மூன்று மூட்டை போட்டிருந்தோம், அதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம்.

அசல் தொலைந்தால் செய்வது இது: காவல் நிலையத்தில் புகார், பத்திரிகையில் விளம்பரம், பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல்துறையின் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து பத்திரத்தின் சான்றிட்ட நகல். எங்களுக்கு இது மட்டும் ஐந்து மாதம். புரோபேட் மனு கோர்ட்டில் இருந்த பதினான்கு மாதத்தில் இதைச் செய்திருந்தால் ஒரு நாள்கூட வீணாகியிருக்காது. அதனால் மனுப் போட்ட மறுநாளே ஒரு சொத்து வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டி, வாங்குபவர் பக்கமிருந்து பார்ப்பதுபோல லீகல் ஒப்பீனியன் எழுதச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய்தான், நான் செய்யாமல் விட்ட வேலைகளில் இதற்குத்தான் அதிகம் வருந்துகிறேன்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். அப்பா எப்போதோ வாங்கி அடைத்த வீட்டுக் கடனின் அடமானம் அதில் ரத்தாகாமல் நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் அந்த வங்கியில் போய் கடன் தீர்ந்தது என்று ரசீது ஆவணம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பட்டா, அல்லது நகர நில அளவைப் பதிவேடு, அதில் யார் பெயர் என்று பாருங்கள். எங்களுடையதில் அப்பாவுக்கு விற்றவரின் பெயரே இருந்தது, அப்பா மாற்றவே இல்லை. பதிவேட்டில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒன்றா என்றும் டேப் பிடித்துப் பாருங்கள். மேல்மாடி கட்டியதற்கு அனுமதி வரைபடம் இருக்கிறதா என்பதும் கேள்வியாக வரும்.

சொத்துவரியையும் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டுமா? சொத்துவரி மாற்றிவிடுங்கள். மின் இணைப்பை வாங்குபவர் மாற்றிக்கொள்வார்.

7. விலை, அட்வான்ஸ், ஒப்பந்தம்

புரோபேட் வாங்கிய எக்சிகியூட்டர், உயிலில் தடை எதுவும் இல்லையென்றால், வீட்டை விற்கலாம். லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் வாங்கியவர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்க முடியாது. முதல் படியில் சொன்ன வித்தியாசம் இதுதான். அனுமதி மனுவுக்கும் நேரம் ஆகும், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே போடுங்கள்.

எக்சிகியூட்டர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாலும், உயிலில் பங்கு உள்ள எல்லாரையும் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். வாங்குபவருக்கு நிம்மதி, பணம் நேராக அவரவர் கணக்குக்குப் போகும், வரிக் கணக்கும் தெளிவாக இருக்கும். உடன்பிறப்புகளில் ஒருவரே வீட்டை வைத்துக்கொள்கிறார் என்றால் விற்பனையே வேண்டாம், மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் போதும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய்.

கிரய ஒப்பந்தம் தமிழ்நாட்டில் பதிவு செய்யப்பட வேண்டியது, பெரும்பாலோர் பதியாமல் வெறும் பத்திரத்தாளில் எழுதி முடித்துவிடுகிறார்கள். எதைச் செய்தாலும் காலக்கெடு, வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் என்ன ஆகும், உங்கள் காகிதம் தேறாவிட்டால் எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள், இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். "பாதி வெள்ளை, பாதி கறுப்பு" என்று கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினோம். தரகர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும். தரகுத் தொகை எவ்வளவு, எப்போது என்பதையும் ஆரம்பத்திலேயே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

8. வரி

வீடு உங்கள் கைக்கு வந்ததற்கு வரி இல்லை, விற்றதில் வந்த லாபத்துக்குத்தான். லாபம் எப்படிக் கணக்கு? அப்பா வாங்கிய விலைதான் உங்கள் விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. இதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள்.

2024 ஜூலை 23 முதல் விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், பணவீக்கக் குறியீடு, அதாவது வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொள்வது, கிடையாது. இங்கேயே வசிப்பவர், அதற்கு முன்பே கைக்கு வந்த வீடு என்றால், குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். பழைய முறைதான் லாபம் என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கள் கணக்கைப் பாருங்கள்: 2001 மதிப்பு 8 லட்சம், விற்றது 1 கோடியே 10 லட்சம். குறியீட்டோடு 8 லட்சம் என்பது 29.04 லட்சம் ஆகிறது, லாபம் 80.96 லட்சம், 20 சதவீத வரி சுமார் 16.19 லட்சம். புதிய முறையில் லாபம் 102 லட்சம், வரி 12.75 லட்சம். மூன்றரை லட்சம் வித்தியாசம்! இரண்டுக்கும் மேலே 4 சதவீத செஸ் உண்டு. வாரிசாக வந்த வீட்டுக்குக் குறியீட்டை எந்த வருடத்திலிருந்து எடுப்பது என்பதில் தகராறு உண்டு, ஆடிட்டரிடம் விடுங்கள்.

வரியைக் குறைக்க, இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கலாம், மூன்று ஆண்டுக்குள் கட்டலாம், அல்லது ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அரசுப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டு ஐந்து ஆண்டு பூட்டி வைக்கலாம். தங்கை பத்திரத்தில் போட்டாள், ஐந்தாவது மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது நான் ஞாபகப்படுத்தினேன்.

50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் உங்களுக்குத் தரும் தொகையிலிருந்து 1 சதவீதம் டிடிஎஸ் என்ற வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், விற்பவர் இரண்டு பேர் என்றால் இரண்டு பேர் பான் எண்ணுக்கும் தனித்தனியாக. விற்பவரில் ஒருவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு, அதுவும் லாபத்தில் இல்லை, அவருக்குப் போகும் முழுத் தொகையில். வருமானவரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கிவிட்டால் தப்பிக்கலாம், பதிவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

9. பதிவு நாள், அதற்குப் பிறகு

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் வாங்குபவர் செலவு. நீங்கள் கொண்டுபோக வேண்டியவை அசல் பத்திரங்கள், உத்தரவின் சான்றிட்ட நகல், ஆதார், பான், சொத்துவரி ரசீது. வரைவைப் பத்திர எழுத்தரிடமிருந்து இரண்டு நாள் முன்பே வாங்கி, எல்லைகளையும் பெயர்களையும் சத்தமாகப் படியுங்கள். எங்கள் வரைவில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தன, சத்தமாகப் படித்ததால்தான் தங்கை பிடித்தாள். விரல் ரேகை எடுக்கும்போது வயதானவர்களுக்குப் பதியாமல் போகலாம், கையில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்துத் துடைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வங்கிக் காசோலையைக் கையில் வாங்கிப் பெயரைப் பார்த்த பிறகு கையெழுத்து.

பணம் வந்ததும் எல்லாவற்றையும் பிரித்துவிடாதீர்கள். வரிக்கும் மிச்சமிருக்கும் பில்களுக்கும் ஒரு தொகையை ஒதுக்கி, வரிக்கணக்குத் தாக்கல் முடிந்த பிறகு பிரியுங்கள்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது, அதை முக்கால்வாசிப் பேர் மறந்தே போகிறார்கள். புரோபேட் வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் அதே நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் வீடு விற்கவே பதின்மூன்று மாதம் ஆகிவிட்டதால் கணக்குக்கு வக்கீல் அவகாசம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ரசீதுகளை நான் அப்பாவின் உயில் இருந்த அதே மஞ்சள் பையில்தான் போட்டு வைத்திருந்தேன், பெயின்ட் கடை பில் உட்பட. வக்கீல் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதையுமா கணக்கில் காட்டணும்?" என்றார்.

காட்டினோம்.